மலைச் சரிவில் நீர் உறிஞ்சும் தளம் போடலாமா?

நீங்கள் அனுப்பிய கேள்வி இதுதான். கோத்தகிரி பக்கம், சாலையிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கினால் ஒரு வீடு. பழைய தேயிலைக் காட்டில் ஒரு பகுதியைத் திருத்தி, விருந்தினர் தங்க இரண்டு அறைகள் கட்டியிருக்கிறீர்கள். முன்னால் கார் நிறுத்த ஏறத்தாழ 3,000 சதுர அடி இடம். கான்ட்ராக்டர், கான்கிரீட் போட்டுவிடலாம் என்கிறார். கோவையில் இருக்கும் மச்சான், "தண்ணீர் உறிஞ்சும் தளம் போடுங்க, ஒரு சொட்டு வெளியே போகாது, எல்லாம் பூமிக்குள்ளே இறங்கிடும்" என்கிறார். கீழ் வீட்டுக்காரர், மழைக்காலத்தில் தன் சுவர் மேல் தண்ணீர் விழுகிறது என்று இப்போதே கோபமாக இருக்கிறார். இதில் யார் சொல்வதைக் கேட்பது? இந்தத் தளத்தை ஊர் அளவிலும் போடக் கூடாதா?

கான்கிரீட் வேண்டாம் என்ற அளவில் மச்சான் சொல்வது சரி. மீதிப் பாதியை அப்படியே எடுத்துக்கொண்டால்தான் சிக்கல். பெய்யும் மழை எல்லாம் பூமிக்குள் இறங்குவது கோவை மாதிரி சமதள ஊருக்கு நல்லது. கிணற்றில் தண்ணீர் ஏறும். கோத்தகிரிச் சரிவில் அதே தண்ணீர், உங்கள் வீட்டையும் கீழ் வீட்டையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டிருக்கும் மண்ணுக்குள் போகிறது. மலையில் இந்தத் தளத்தின் வேலையே வேறு. மழையைக் கொஞ்ச நேரம் கல்லுக்குள் பிடித்து வைத்து, நாம் காட்டும் வழியில், நாம் வைக்கும் வேகத்தில் வெளியே விடுவதுதான் அது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற முடிவுகளை எடுப்பது சுலபம்.

முதலில் கான்கிரீட் ஏன் வேண்டாம் என்று பார்த்துவிடலாம். 3,000 சதுர அடி என்பது ஏறத்தாழ 280 சதுர மீட்டர். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீட்டர் கொட்டுவது நம் பக்கம் அதிசயமில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் இடத்தில் மட்டும் விழும் தண்ணீர் 16,800 லிட்டர். ஒரு பெரிய தண்ணீர் லாரிக்கும் மேல். அங்கே தேயிலைச் செடி இருந்த காலத்தில் இலை கொஞ்சம் பிடித்தது, அடியில் கிடந்த சருகு கொஞ்சம் பிடித்தது, வேர் இறங்கிய மண் கொஞ்சம் குடித்தது; மீதிதான் ஓடியது, அதுவும் மெதுவாக. கான்கிரீட்டில் ஏறக்குறைய முழுவதும் ஓடும். விநாடிக்கு நாலரை லிட்டர், ஒரே மூலையில், கீழ் வீட்டுச் சுவரைப் பார்த்து. அவர் சண்டைக்கு வருவதில் நியாயம் இருக்கிறது.

சரி, நீர் உறிஞ்சும் தளம் என்றால் என்ன? மேலே தண்ணீரை உள்ளே விடும் ஒரு பரப்பு. அதற்குக் கீழே தூசியே இல்லாத ஜல்லி அடுக்கு. பலரும் மேற்பரப்பை மட்டும் பார்த்துவிட்டு விலை பேசுகிறார்கள். உண்மையில் வேலை செய்வது கீழே இருக்கும் ஜல்லிதான். ஒரே அளவுள்ள சுத்தமான ஜல்லியைக் கொட்டினால் அதில் ஏறத்தாழ 40 சதவீதம் வெற்றிடம். ஓர் அடி, அதாவது 30 சென்டிமீட்டர் தடிமனுக்குப் போட்டால் 120 மில்லிமீட்டர் மழையை அது தனக்குள் வைத்துக்கொள்ளும். உங்கள் 280 சதுர மீட்டருக்கு 33,600 லிட்டர். மேலே சொன்ன மாதிரி மழை இரண்டு மணி நேரம் அடித்தாலும் தாங்கும், தரை சமமாக இருந்தால். அந்தச் சரிவுக் கணக்குக்குப் பிறகு வருகிறேன், அதில்தான் மலைக்காரர்கள் ஏமாறுவது.

அதற்கு முன் ஒரு தவறான நம்பிக்கையைத் தீர்த்துவிட வேண்டும். பேவர் பிளாக் போட்டாலே தண்ணீர் இறங்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். தெருக்களில் இப்போது போடும் சாதாரண இன்டர்லாக் கல்லில் அப்படி நடக்காது. அதன் அடியில் கிரஷர் தூசியோ எம்.சாண்டோ போட்டு இறுக்குகிறார்கள். இடுக்கில் நைசான மணலைக் கூட்டித் தள்ளுகிறார்கள். இரண்டு மழைக்குள் அது கெட்டியாகி, கான்கிரீட்டை விடக் கொஞ்சம்தான் மேல் என்ற நிலைக்கு வந்துவிடும். நீர் இறங்கும் பேவரில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே 6 முதல் 12 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அந்த இடுக்கில் மணல் போகக் கூடாது, பேபி சிப்ஸ் என்னும் பொடி ஜல்லிதான் போக வேண்டும். அடியில் ஒன்றரை, இரண்டு அங்குலத்துக்கு அதே சிப்ஸ், அதன் கீழே முக்கால் அங்குல ஜல்லி, அதற்கும் கீழே ஒன்றரை அங்குல ஜல்லி. எந்த அடுக்கிலும் தூசி கூடாது. கல்லின் தடிமனைப் பொறுத்தவரை, கார் மட்டும் வருமென்றால் 60 மில்லிமீட்டர் போதும் என்பது இந்தியத் தரக்குறியீடு 15658 சொல்லும் கணக்கு. ஆனால் விருந்தினர் அறை வைத்திருக்கிறீர்கள். டெம்போ டிராவலர் வரும், கோடையில் தண்ணீர் லாரியும் வரும். 80 மில்லிமீட்டர் கல்லாகவே வாங்குங்கள்.

இதிலேயே வேறு வகைகளும் உண்டு. மணலே சேர்க்காமல் ஜல்லியும் சிமெண்டும் மட்டும் கலந்து போடும் துளைக் கான்கிரீட் ஒன்று. உள்ளே 15 முதல் 25 சதவீதம் வெற்றிடம் இருக்கும், புதிதாகப் போட்டதில் வாளித் தண்ணீரைக் கொட்டினால் அந்த இடத்திலேயே மறைந்துவிடும். அப்புறம் நைசான பொடி சேர்க்காத தார். இந்தத் துளைத் தார் 1970களில் அமெரிக்காவில், ஃபிலடெல்பியாவின் ஃபிராங்க்ளின் நிறுவன ஆய்வுகளிலிருந்து வளர்ந்து வந்தது. மழைநீரை ஊரே உறிஞ்சிக்கொள்ளட்டும் என்று சீனா 2015-இல் 16 நகரங்களைத் தேர்ந்தெடுத்து ஆரம்பித்த 'பஞ்சு நகரம்' திட்டத்திலும் இப்படிப்பட்ட தளங்களுக்குப் பெரிய பங்கு. ஆனால் இவை எல்லாம் பெரும்பாலும் சமதள நகரங்களை மனதில் வைத்து வளர்ந்த முறைகள். நம் வீட்டு வாசலுக்கு நான் பேவரைத்தான் சொல்வேன். துளைக் கான்கிரீட்டைக் கலப்பதில் தண்ணீர் ஒரு வாளி கூடினால் சிமெண்டுப் பால் அடியில் தேங்கித் துளையை மூடிவிடும். குறைந்தால் ஜல்லி பெயர்ந்து வரும். அந்தக் கைப்பக்குவம் உள்ள மேஸ்திரி மலையில் கிடைப்பது அபூர்வம். பேவரில் ஓர் இடம் அடைத்துக்கொண்டால் அங்கே மட்டும் பெயர்த்துச் சரி செய்யலாம். துளைக் கான்கிரீட் உள்ளே வரை அடைத்துக்கொண்டால் உடைத்துப் போட வேண்டியதுதான்.

இனி முக்கியமான விஷயம். நீலகிரியின் அடிப்பாறை பெரும்பாலும் சார்னோகைட் என்னும் கடினமான பாறை. அது பல லட்சம் ஆண்டு மழையில் சிதைந்து, மேலே செம்மண்ணாகவும் லேட்டரைட் என்னும் செம்புறைக்கல்லாகவும், அதற்குக் கீழே வழவழப்பான களிமண்ணாகவும் மாறியிருக்கிறது. சில இடங்களில் பத்து, இருபது மீட்டர் ஆழத்துக்குப் பாறையே தட்டுப்படாது. மேலே உள்ள செம்மண் தண்ணீரைச் சீக்கிரம் குடிக்கும். கீழே உள்ள களிமண் கீழே விடாது. இரண்டுக்கும் நடுவே தண்ணீர் தேங்கி, மண் துகள்களுக்கு இடையே அழுத்தம் ஏறும். மண்ணை மண்ணோடு பிடித்து வைத்திருப்பது துகள்களின் உராய்வுதானே, அந்தப் பிடி தளர்ந்துவிடும். போதாததற்கு ஈர மண்ணின் எடையும் கூடியிருக்கும். நாலைந்து நாள் விடாமல் பெய்து ஊறிய பிறகு, ஒரு இரவில் பலத்த மழை வந்தால் சரிவு நகர்ந்துவிடும். 1993 நவம்பரில் மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலம் அருகே நடந்ததை இந்தப் பக்கத்தில் வயதானவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, ஊட்டி என்று மாவட்டம் முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். ஓடைகளை அடைத்துக் கட்டியதும், சரிவின் அடிவாரத்தை வெட்டி எடுத்ததும், போக வழியில்லாமல் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கியதும் அந்த அழிவில் சேர்ந்திருந்தன.

ஆகவே உங்கள் தளத்துக்கு அடியில் 33,000 லிட்டரைத் தேக்கி, "மெதுவாக இறங்கிப் போ" என்று மண்ணிடம் விட்டுவிடுவது நல்ல யோசனை இல்லை. மழைநீர் சேகரிப்புக்கு வெட்டும் உறிஞ்சுகுழி பற்றியும் இதையே சொல்வேன். 2003-இல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது பெரிய நன்மை. ஆனால் சமவெளியில் வெட்டும் அதே உறிஞ்சுகுழியை மலையில் தடுப்புச் சுவருக்கு மேலே வெட்டி வைத்தால், அந்தச் சுவரின் முதுகில் நாமே தண்ணீரை ஏற்றுகிறோம் என்று அர்த்தம்.

உங்கள் மண் எப்படிப்பட்டது என்று நீங்களே பார்க்கலாம். ஜல்லி எந்த ஆழம் வரை போகுமோ அந்த ஆழத்துக்கு, ஓர் அடி நீளம் ஓர் அடி அகலத்தில் இரண்டு மூன்று இடங்களில் குழி எடுங்கள். குழியின் பக்கச் சுவரை மண்வெட்டி வழவழப்பாக்கிவிடும், அதை ஓர் ஆணியால் கீறிவிடுங்கள், இல்லாவிட்டால் கணக்கு தப்பாக வரும். தண்ணீர் நிரப்பி ஓர் இரவு ஊற விடுங்கள். காலையில் மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் கோடு போட்டு ஊன்றி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். அரை அங்குலத்துக்குக் குறைவாக இறங்கினால் அந்த மண்ணை நம்பவே கூடாது, முழுத் தண்ணீரையும் குழாயில்தான் எடுக்க வேண்டும். மாறாக, நிரப்ப நிரப்பக் காணாமல் போனால் அதைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். அது பெரும்பாலும் யாரோ மேலேயிருந்து கொட்டி நிரப்பிய மண்ணாக இருக்கும், அல்லது உள்ளே எங்கோ தண்ணீர் தனக்குப் பாதை அரித்து வைத்திருக்கும். எந்தத் தளம் போடுவதற்கும் முன்பு அதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

குழி எடுக்கும்போதே சுற்றிலும் ஒரு நடை நடந்து பாருங்கள். சரிவில் மரங்கள் அடியில் வளைந்து பின் நிமிர்ந்திருக்கிறதா, மண்ணில் சரிவுக்குக் குறுக்கே பிறை மாதிரி விரிசல் ஓடுகிறதா, தடுப்புச் சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா, மழை நின்று பல நாள் கழித்தும் எங்காவது ஊற்று கசிகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் நீர் உறிஞ்சும் தளத்தை மறந்துவிட்டு, ஒரு புவியியல் வல்லுநரைக் கூப்பிடுங்கள். நிலச்சரிவு அபாயமுள்ள இடங்களின் பட்டியல் மாவட்ட நிர்வாகத்திடம் இருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை நீலகிரி முழுவதற்கும் அபாய வரைபடம் போட்டிருக்கிறது. உங்கள் இடம் எந்த நிறத்தில் வருகிறது என்று பார்த்துக்கொள்வது செலவில்லாத வேலை. செப்டிக் டேங்கின் உறிஞ்சுகுழி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். அதற்கு மேலேயோ பக்கத்திலேயோ தண்ணீரை இறக்கினால் கழிவுநீர் கீழ் வீட்டு ஊற்றில் போய் எட்டிப்பார்க்கும்.

இப்போது சரிவுக் கணக்கு. உங்கள் இடம் 20 மீட்டர் நீளம், 14 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். பத்துக்கு ஒன்று சரிவு. சமதளத்தில் 33,600 லிட்டர் பிடித்த அதே ஓர் அடி ஜல்லி இங்கே எவ்வளவு பிடிக்கும்? தண்ணீர் மட்டமாகத்தானே நிற்கும். கீழ் ஓரத்தில் ஓர் அடி உயரம் நின்றால், மேல்நோக்கி மூன்று மீட்டரிலேயே அதன் ஆழம் பூஜ்யமாகிவிடும். மீதிப் பதினேழு மீட்டர் ஜல்லியும் வெறும் வழிதான், அங்கே எதுவும் நிற்காது. கணக்குப் போட்டால் 2,500 லிட்டர்தான் வரும். அதற்குப் பிறகு வரும் தண்ணீர் கீழ் ஓரத்தில் கல் இடுக்கு வழியாகப் பொங்கி வெளியே வரும். காசு போட்டும் பழைய சண்டைதான்.

இதற்கு வழி தேயிலைத் தோட்டத்திலேயே இருக்கிறது. எஸ்டேட்டில் சரிவுக்குக் குறுக்கே வாய்க்கால் வெட்டும்போது, இடையிடையே கொஞ்சம் மண்ணை வெட்டாமல் தடுப்பாக விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு குழியும் தன் பங்குத் தண்ணீரையும் வண்டலையும் பிடித்துக்கொண்டு, நிறைந்தால் மட்டும் அடுத்ததற்கு வழிய விடும். லாக் அண்ட் ஸ்பில் என்று கண்காணியைக் கேட்டால் சொல்வார். உங்கள் ஜல்லிக் குழியின் அடியிலும் அதையே செய்யுங்கள். மூன்று மீட்டருக்கு ஒன்றாக, சரிவுக்குக் குறுக்கே செங்கல்லிலோ கான்கிரீட்டிலோ தடுப்பு. அப்படிச் செய்தால் கொள்ளளவு பாதிக்குப் பாதி திரும்பி வந்துவிடும்: ஏறத்தாழ 16,800 லிட்டர், அதாவது அந்த ஒரு மணி நேர மழை முழுவதும். இன்னும் நல்லது, மேல்தளம் சரிவாக இருந்தாலும் அடிக்குழியைப் படிப்படியாக மட்டமாக வெட்டுவது. படி வெட்டிப் பயிர் செய்த ஊரில் இதை ஆட்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டமில்லை. மேல்தளச் சரிவும் இருபதுக்கு ஒன்றைத் தாண்டாமல் இருந்தால் நல்லது.

சாலையிலிருந்து வீட்டுக்கு இறங்கும் அந்தச் செங்குத்தான பாதையில் மட்டும் இதைப் போடவே போடாதீர்கள். பிரேக் பிடிக்கும் வண்டிச் சக்கரம் கல்லை மெல்ல மெல்லக் கீழே தள்ளும், இடுக்கு விரியும், சிப்ஸ் சிதறும். அங்கே டயர் போகும் இரண்டு பட்டைகளுக்கு மட்டும் சொரசொரப்பான கான்கிரீட் அல்லது கருங்கல். நடுவிலும் ஓரத்திலும் புல். பாதை இறங்கி முடியும் இடத்தில் குறுக்கே கம்பிச்சட்டம் போட்ட ஒரு வாய்க்கால் வைத்து, மேலேயிருந்து வரும் தண்ணீரைத் தளத்துக்குள் நுழைய விடாமல் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். சாலையோர வெட்டுச் சரிவிலிருந்து கரைந்து வரும் செம்மண் தண்ணீர் ஒரே ஒரு மழையில் உங்கள் தளத்தை மூடிவிடும். உள்ளே வரும் தண்ணீர், தளத்தின் மேல் நேராக விழுந்த மழையாக மட்டும் இருக்கட்டும்.

வெளியேற்றும் வழிதான் இந்த வேலையின் உயிர். ஜல்லியின் அடியில், ஒவ்வொரு தடுப்புக்கும் மேல்பக்கத்தில், துளையிட்ட நான்கு அங்குல பி.வி.சி. குழாய் ஒன்று ஓட வேண்டும். எல்லாக் குழாய்களும் ஓரத்தில் ஒரு சின்னத் தொட்டிக்கு வரட்டும். அந்தத் தொட்டியின் வெளிவாயை மூடி, அதில் ஓர் அங்குலத் துளை மட்டும் போடுங்கள். தண்ணீர் முக்கால் அடி உயரம் நின்றால் அந்தத் துளை வழியாக மணிக்கு ஏறத்தாழ 2,000 லிட்டர் போகும். விநாடிக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல். கான்கிரீட்டில் நாலரை லிட்டராகப் பாய்ந்தது இப்போது எட்டில் ஒரு பங்காகிவிட்டது. மழை விட்ட பிறகும் அது சொட்டிக்கொண்டே இருக்கும், ஒரு நாளுக்குள் குழி காலியாகிவிடும். காலியாக வேண்டும் என்பதும் முக்கியம், ஏனென்றால் நம் ஐப்பசி மழை மறுநாளும் வரும். துளைக்கு மேலே, ஜல்லி நிறையும் மட்டத்தில் ஒரு நான்கு அங்குல வழிகுழாய் கட்டாயம் வேண்டும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. அப்படி ஒரு மழைக்கு எந்தத் தளமும் கணக்காகாது; அன்றைக்குத் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வைக்கலாம், அவ்வளவுதான்.

தொட்டியிலிருந்து குழாய் எங்கே போகிறது? இயற்கையான ஓடை வரைக்கும் போக வேண்டும். சரிவின் நடுவில் விட்டுவிட்டு வந்தால் ஆறே மாதத்தில் அங்கே ஒரு பள்ளம் அரித்திருக்கும். குழாய் முடியும் இடத்தில் பெரிய கற்களை அடுக்கித் தண்ணீரின் வேகத்தை உடையுங்கள். வழி கீழ் வீட்டுக்காரர் நிலத்தில்தான் இருக்கிறது என்றால் இப்போதே அவரிடம் போய்ப் பேசிவிடுங்கள். அவர் சுவரில் விழும் தண்ணீரை நிறுத்தி, குழாய்க்குள் கொண்டுபோகிறோம் என்று சொன்னால் பெரும்பாலும் யாரும் மறுக்க மாட்டார்கள். குழாயின் பாதியை அவர் தண்ணீருக்கும் பயன்படுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

வீட்டுச் சுவரிலிருந்து மூன்று மீட்டருக்குள்ளும், தடுப்புச் சுவருக்கு மேலே சுவரின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள்ளும் ஜல்லிக்கு அடியில் தண்ணீர் புகாத, தடிமனான எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் தாளை விரித்துவிடுவது என் வழக்கம். உங்கள் இடத்தில் இந்த இரண்டு கணக்கையும் போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய முழு இடமும் அதற்குள் வந்துவிடலாம். வந்தால் வரட்டும், முழுவதும் விரியுங்கள். அப்போது அது மண்ணுக்குள் ஒரு சொட்டும் விடாத, கல் நிரப்பிய தொட்டி. அதனால் பயன் குறையாது. தாமதப்படுத்தும் வேலையை முழுதாகச் செய்யும். வாகனத்திலிருந்து ஒழுகும் ஆயிலும் டயர்த் தூளும் ஜல்லியில் ஒட்டி நின்று, ஓரளவு தெளிந்த தண்ணீர்தான் ஓடைக்குப் போகும். தடுப்புச் சுவரில் கசிவுத் துளைகள் திறந்திருக்கிறதா என்று அதே சமயத்தில் பார்த்துவிடுங்கள். பெயிண்ட் அடிக்கும்போது அதையும் பூசி அடைத்துவிட்ட சுவர்கள் எத்தனையோ.

ஜல்லியைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலும் மேட்டுப்பாளையம் பக்கமிருந்து மேலே ஏறி வர வேண்டும், அதனால் வாடகை கூடும். அந்த வாடகையில் தூசியையும் சேர்த்து ஏற்றிவிடுவார்கள். லாரி வந்ததும் ஒரு சட்டி ஜல்லியை அள்ளி வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்கிப் பாருங்கள். தண்ணீர் பால் மாதிரி ஆனால், அந்தத் தூசி முதல் மழையிலேயே அடிக்கு இறங்கி, குழாய்த் துளைகளின் மேல் படியும். கழுவிய ஜல்லி என்று முன்பே பேசி வையுங்கள், இல்லாவிட்டால் இங்கேயே கழுவித்தான் போட வேண்டும். கழுவிய தண்ணீரும் தளத்துக்குள் போகக் கூடாது.

எடுக்கும் மண்ணைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஒன்றரை அடி ஆழத்துக்கு 280 சதுர மீட்டரை எடுத்தால், உதிர்ந்த மண் 50 யூனிட்டுக்கு மேல் வரும் (ஒரு யூனிட் 100 கன அடி). அதைச் சரிவில் தள்ளிவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. தள்ளிய மண் ஓடையை அடைக்கும், அடுத்த மழையில் அதுவே சரியும். நீலகிரியில் மண் எடுக்க ஜே.சி.பி. இறக்குவதற்கும் முன் அனுமதி வேண்டும். இதையெல்லாம் பார்த்தால், உங்களுக்கு உண்மையில் 3,000 சதுர அடி தேவையா என்றே கேட்பேன். நான்கைந்து கார் நிற்கவும் திரும்பவும் 1,800 சதுர அடி தாராளம். மீதியில் புல்லோ செடியோ இருக்கட்டும். போடாமல் விட்ட தளத்தை விடச் சிறந்த தளம் கிடையாது, செலவும் இல்லை.

கூரைத் தண்ணீரையும் இந்தத் தளத்தில் விடச் சொல்வார்கள். வேண்டாம். ஆயிரம் சதுர அடி கூரையிலிருந்து ஒரு மணி நேர மழையில் ஐயாயிரம் லிட்டர் கிடைக்கும். மார்ச், ஏப்ரலில் லாரித் தண்ணீருக்குக் காசு கொடுக்கும் நாம் அதை ஏன் ஜல்லிக்குள் விட வேண்டும்? குன்னூரில் ரேலியா அணை வற்றும் கோடையில் ஜனங்கள் குடத்தோடு நிற்பதைப் பார்க்கிறோமே. கூரைக்குத் தனிக் குழாய், தனித் தொட்டி.

பராமரிப்பு இல்லாவிட்டால் இதெல்லாம் மூன்று நான்கு வருடத்தில் வீண். வெளிநாட்டில் உறிஞ்சும் வண்டி வைத்துச் சுத்தம் செய்கிறார்கள், நமக்கு அது கிடையாது. ஆனால் ஒரு நல்ல விஷயம்: அடைப்பு பெரும்பாலும் மேல் ஓர் அங்குலத்தில்தான் உட்காரும். இரண்டு மழைக்காலம் பார்த்த தளத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் இடுக்கைக் கிளறினால் தெரியும். மேலே கறுப்பாக, சில்வர் ஓக் சருகுத் தூளும் பாசியும் செம்மண்ணும் சேர்ந்து கேக் மாதிரி இறுகியிருக்கும். அரை விரல் ஆழம் போனதும் சிப்ஸ் போட்ட அன்று இருந்த மாதிரியே சுத்தமாக வரும். அந்த ஓர் அங்குலத்தைக் கிளறி எடுத்துவிட்டுப் புது சிப்ஸ் போட்டால் தளம் மறுபடி உயிர் பெறும். மே மாதக் கடைசியில் ஒருமுறை, செப்டம்பரில் ஒருமுறை பெருக்கிக் கிளறினால் இரண்டு பருவமழைக்கும் ஆயிற்று. நிழல் விழும் பக்கம் பாசி சீக்கிரம் படரும், வழுக்கும். அந்தப் பக்கத்து மரக்கிளையைக் கொஞ்சம் கழித்து வெயில் விடுங்கள். கொடைக்கானல் பக்கம் என்றால் பைன் ஊசி பெரிய தொல்லை, வாரம் ஒருமுறையாவது பெருக்க வேண்டும். எந்தக் காரணத்துக்கும் மணலையோ சிமெண்டையோ அதன் மேல் கொட்டி வைக்க விடாதீர்கள். கட்டட வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் தளமே போட வேண்டும். உறைபனி பற்றிக் கவலை வேண்டாம், நம் ஊரில் அது புல் நுனியோடு சரி, கல்லுக்குள் இறங்கி உடைக்கும் அளவுக்குப் போகாது.

அடைத்திருக்கிறதா என்று சோதிக்க, 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு வளையத்தைத் தளத்தில் வைத்து, விளிம்பைக் களிமண்ணால் அடைத்து, 18 லிட்டர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் இறங்கினால் அருமை. அரை மணி நேரம் பிடித்தாலும் அது மணிக்கு 500 மில்லிமீட்டர் மழையைக் குடிக்கும் வேகம், பயமில்லை. இரண்டு மணி நேரம் நின்றால் சிப்ஸ் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

இதை ஊர் அளவில் செய்யக் கூடாதா என்றும் கேட்டிருந்தீர்கள். பள்ளத்தாக்கின் அடியில் சமமாக இருக்கும் வாகன நிறுத்தங்களில் தாராளமாகச் செய்யலாம், செய்ய வேண்டும். ஊட்டியில் கோடப்பமந்து கால்வாய் ஊர் முழுக்க வழிந்த தண்ணீரை அள்ளிக்கொண்டு ஏரிக்குப் போகிறது. கொடைக்கானல் ஏரியைச் சுற்றியும் அதே கதை. அங்கே நூறு வண்டி நிற்கும் இடங்கள் தண்ணீரை ஒரு நாள் பிடித்து வைத்து விட்டால் ஏரிக்கும் நல்லது, கடைவீதிக்கும் நல்லது. ஊட்டி மாதிரி சேற்றுப் பள்ளங்களில் நிலத்தடி நீர் ஏற்கெனவே மேலே நிற்கும்; அங்கே ஆழமாக வெட்டாமல், ஆழம் குறைந்த ஜல்லியும் குழாயுமாகப் போட வேண்டும். மலைப்பாதைகளில் இது சரிப்படாது. அங்கே பக்க வாய்க்காலையும் சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் சிறுபாலத்தையும் மழைக்கு முன் தூர்வாரினாலே பாதி ஆபத்து குறையும். அடைபட்ட ஓடைகளைத் திறந்துவிட்ட பிறகுதான் எந்த ஊரும் உறிஞ்சும் தளத்துக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

வேலையை ஜனவரியில் ஆரம்பியுங்கள். வடகிழக்கு மழை ஓய்ந்து மண் கொஞ்சம் காய்ந்திருக்கும், ஏப்ரல் கோடை மழைக்கு முன் மூடிவிடலாம். கான்ட்ராக்டரிடம் மூன்றை எழுதி வாங்குங்கள்: கழுவிய ஜல்லி, குறுக்குத் தடுப்புகள், ஓடை வரைக்கும் குழாய். இதில் குழாய்தான் கடைசி நாளில் காசு இல்லை என்று விட்டுப்போவது. அதனால் அதை முதலில் போடச் சொல்லுங்கள்.